அம்மாவின் கைக்கு ஒரு துப்பாக்கி

மல்கிரேவ், மெல்பேர்ண்
3 பெப்ரவரி 2025

அன்புள்ள கிரிஜா சித்திக்கு,

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிக்க மனம் வராவிட்டால் உங்கள் ஆஸ்பத்திரி அலுமாரியில் பூட்டி வையுங்கள். நான் உங்களுக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் அம்மாவின் கம்பனிக்குப் போனால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும்.

நான் யுவனேஸ்வரி, உங்கள் அக்கா திலகத்தின் மகள். கடைசியாக நீங்கள் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது. இப்போது பதினைந்து. என் மின்னஞ்சல் கடவுச்சொல் அம்மாவிடமும் இருக்கிறது, அதனால்தான் கடிதம். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்த வருடம் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கிறேன், மேசையில் தமிழ் எழுத்தைக் கண்டால் அம்மா கட்டுரை என்று நினைத்துப் போய்விடுவார். எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். எல்லோரும் என்றால் அம்மா ஒருவர்தான். அப்பா பேர்த்துக்குப் போய் ஆறு வருடம்.

அம்மா இன்னும் அதே வேலைதான் செய்கிறார். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணப்பெட்டி கொண்டுபோகும் வண்டியில் ஆயுதக் காவலர். கைத்துப்பாக்கி வீட்டுக்கு வராது, பயப்படாதீர்கள். வேலை தொடங்கும்போது கம்பனி டிப்போவில் கையெழுத்து வைத்து வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் அதைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஆனால் ஒன்று தெரியும். அம்மாவால் அதை இயக்க முடியவில்லை.

அவர் கைகளுக்கு முடக்குவாதம். ரத்தப் பரிசோதனைத் தாளைக் குசினியில் பருப்பு டின்னுக்குள் மடித்து வைத்திருந்தார். ஓகஸ்ட் மாதத் திகதி. குடும்ப வைத்தியர் கொடுத்த நோக்குளிசையோடு சமாளிக்கிறார். மூட்டு நிபுணரிடம் போகவில்லை. போனால் எங்காவது பதிவாகி, கம்பனி வைத்தியர் கண்ணில் பட்டுவிடும் என்று நினைக்கிறார்.

சுடுவதற்கு முன் துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து விடவேண்டுமாம். ஸ்லைட் என்கிறார்கள். அதற்குள் இருக்கும் சுருள்வில் மிகவும் விறைப்பு. அம்மாவோடு வண்டியில் போகும் சிறி அங்கிள்தான் ஆறு மாதமாக டிப்போவில் யாரும் பார்க்காத நேரம் அதை அம்மாவுக்காக இழுத்துக் கொடுக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் காரில் அம்மா அவரோடு ஸ்பீக்கரில் பேசினார். நான் பின் இருக்கையில் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். சிறி அங்கிள் சொன்னது இதுதான்: “அக்கா, நான் நிக்குமட்டும் உங்கட துவக்கை இழுத்துத் தாறன். மார்ச்சில ஆர் இழுக்கிறது?”

மார்ச் 25ஆம் திகதி வருடாந்தச் சூட்டுப் பரீட்சை. தனியாக நின்று, தானே நிரப்பி, தானே இழுத்து, மூன்று தூரங்களிலிருந்து சுட வேண்டும்.

இன்னொன்று. கம்பனி பழைய துப்பாக்கிகளை மாற்றுகிறது. மூன்று புது வகையில் ஒவ்வொருவரும் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னது ஒன்று. ஸ்லைட் இல்லாத ரிவோல்வர் ஒன்று. நடு அளவில் ஒன்று. ஆயுத அறையில் இருக்கும் பிரதீப்குமார் சென்னைக்காரர். அவர் சின்னதைக் காட்டி, “அக்கா, உங்க கைக்கு இதுதான் கச்சிதமா இருக்கும்” என்றாராம். அம்மாவும் அதையே நினைக்கிறார்.

அது சரியா சித்தி? உங்களுக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் கை தெரியும். கைகளுக்குச் சிகிச்சை செய்வதுதானே உங்கள் தொழில். வேலை போய்விடும் என்பது மட்டும் என் பயம் இல்லை. ஒருநாள் ஒருவன் எதிரில் வந்து நிற்கும்போது அம்மாவின் இடுப்பில் இருப்பது வெறும் இரும்பாக இருந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதிலை என் சிநேகிதி ஹரிப்பிரியா வீட்டு முகவரிக்குப் போடுங்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

யுவனேஸ்வரி


பரமட்டா, சிட்னி
11 பெப்ரவரி 2025

யுவனா,

கிழிக்கவில்லை. பூட்டி வைத்திருக்கிறேன். நான்கு வருடத்துக்குப் பிறகு வந்த ஒரே கடிதத்தைக் கிழிக்கச் சொல்வதற்கு உனக்கு என்ன தைரியம்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருடைய கைகளைப் பார்க்கிறேன். விரல் மூட்டுகளில் வீக்கத்தோடு வருகிறவர்களுக்குக் கனமானதைத் தூக்காதே, இறுக்கிப் பிடிக்காதே, அதிர்வைத் தவிர் என்று சொல்கிறவள் நான். அப்படிப்பட்ட கையில் எந்தத் துப்பாக்கியை வைக்கலாம் என்று என்னிடமே கேட்கிறாய். எதையும் வைக்கக்கூடாது. அக்காவிடம் வேலையை விடச் சொல். அலுவலக வேலைகள் எத்தனையோ இருக்கின்றன.

நிபுணரிடம் போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய முட்டாள்தனம். இந்த நோய்க்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது. நேரத்தோடு தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். மறைக்கிற ஒவ்வொரு மாதமும் எலும்பு அரித்துக்கொண்டு போகும், அது திரும்பி வளராது.

ஆனால் உன் அம்மா யாருடைய பேச்சைக் கேட்டார்? மண்டபம் எடுத்து நாங்கள் செய்த புதுவீட்டு விழாவில் நான் என்ன பெரிய குற்றம் செய்தேன்? வந்தவர்கள் கேட்டார்கள், அக்கா வங்கியில் வேலை என்றேன். அவ்வளவுதான். ஒரு நல்ல நாளில், ஐம்பது பேர் இருக்கும் மண்டபத்தில், நடுவில் வந்து நின்று அவர் போட்ட சத்தத்துக்கு அது ஈடாகுமா?

சில கேள்விகள் கேட்கிறேன். பதில் எழுதினால் அது கைக்காக, துப்பாக்கிக்காக அல்ல. முட்டி பிடிக்க முடிகிறதா, முழுதாக மூடுகிறதா? வீக்கம் எந்த மூட்டில்? பெருவிரலின் அடி நோகிறதா? போத்தல் மூடி திறப்பது யார்? பிடியின் பலத்தை அளக்க உன்னிடம் கருவி இல்லை, ஆகவே வீட்டில் எதையாவது பிழியும்போதோ அழுத்தும்போதோ பார்த்து எழுது.

சித்தி


மல்கிரேவ்
18 பெப்ரவரி 2025

சித்தி,

உங்கள் கடிதத்தை ஹரிப்பிரியா வீட்டுக் குளியலறையில் வைத்து வாசித்தேன். முதல் பக்கம் முடிந்தபோது தண்ணீரில் போட்டுவிடலாம் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கேள்விகள் இருந்ததால் போடவில்லை.

முதலில் அந்த விழாவைப் பற்றி. நீங்கள் அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு இல்லை. ஒரு அன்ரி அம்மாவிடம் வந்து எந்த வங்கி, எந்தக் கிளை, வீட்டுக் கடனுக்கு உதவ முடியுமா என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொருவரும் வந்து கேட்டார். அதன் பிறகுதான் மண்டபத்தின் நடுவுக்கு வந்து சொன்னார், “நான் வங்கியில வேலை செய்யேல்லை. வங்கிக்குக் காவல் நிக்கிறன், இடுப்பில துவக்கோட.” அது சத்தம் இல்லை சித்தி. அம்மாவின் குரலே அப்படித்தான். நாங்கள் அன்று சாப்பிடாமல் புறப்பட்டோம். மெல்பேர்ண் வரும் வரைக்கும் பத்து மணி நேரம், பெற்றோல் அடிக்க மட்டும் நிறுத்தி, அம்மா ஓட்டிக்கொண்டே வந்தார். நான் பின் இருக்கையில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

அலுவலக வேலை என்கிறீர்கள். பதின்மூன்று வருடம் அம்மா மற்றவர்களின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார். எல்லோரும் போன பிறகு உள்ளே போய், எல்லோரும் வருவதற்கு முன் வெளியே வருகிற வேலை. இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: “இப்ப நான் வாசலுக்குள்ள போகேக்க ஆக்கள் விலகி வழி விடுகினம்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விடச் சொல்லமாட்டீர்கள். நானும் சொல்லமாட்டேன். சொல்லுங்கள் என்று நீங்கள் நூறு கடிதம் எழுதினாலும் சொல்லமாட்டேன்.

இப்போது கை.

முட்டி முழுதாக மூடாது. ஒரு பென்சில் போகிற இடைவெளி இருக்கிறது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும், கை தொடங்கும் இடத்து மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, வலது கையில்தான் அதிகம். பெருவிரலின் அடியும் நோகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் சாவியைத் திருப்பும்போது உதட்டைக் கடிக்கிறார். போத்தல் மூடி நான்தான்.

பிழிவது பற்றிக் கேட்டீர்கள். இடியப்ப உரலில் பார்த்தேன். போன வருடம் வரைக்கும் அம்மா ஒரே மூச்சில் ஒரு உரல் மாவையும் பிழிந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணினேன். ஒரு தட்டு இடியப்பத்துக்கு நான்கு தடவை நிறுத்தினார். ஐந்தாவது தட்டில் உரலை மேசையில் வைத்து நெஞ்சால் அமத்தினார். நான் உதவட்டா என்று கேட்டேன். “ஏன், உனக்குப் பசிக்குதோ? பசிச்சால் பாண் கிடக்கு” என்றார். அதற்குப் பிறகு புட்டுத்தான்.

கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சைக்கிள் பம்பைப் பிடித்து இழுத்துப் பழகுகிறார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணுவார். பிறகு பம்ப் கீழே விழும் சத்தம். பிறகு திரும்ப ஒன்றிலிருந்து.

மார்ச் 7ஆம் திகதிக்குள் எந்தத் துப்பாக்கி என்று கையெழுத்து வைக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் தெரியாத ஒருவரிடம் கேட்பேன். கேட்கத்தான் போகிறேன். ஆனால் தெரியாதவருக்கு இந்தக் கை யாருடையது என்று தெரியாது.

யுவனேஸ்வரி


பரமட்டா
27 பெப்ரவரி 2025

யுவனா,

இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

நெஞ்சால் அமத்தினார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வாசித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஆகவே செய்யமாட்டேன் என்று சொன்னதைச் செய்தேன்.

என்னிடம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருகிறார். எண்பது வயது, இரண்டு கைகளிலும் மூட்டுவாதம். சனிக்கிழமைகளில் இலக்குச் சுடும் கழகத்துக்குப் போகிறவர். எத்தனையோ தடவை விடச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே போய்ச் சுட்டுவிட்டு வந்து கையை நீட்டுவார். போன செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக, எப்படிச் சுடுகிறீர்கள் என்று கேட்டேன். மனுசனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் பேசினார். அடுத்த நோயாளி காத்திருந்தார்.

சின்னது வேண்டாம். கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அது நான் தினமும் சொல்கிற விஷயம். கை நோகிறவர்களுக்கு நாங்கள் மெல்லிய கரண்டி கொடுப்பதில்லை. தடித்த கைபிடி போட்ட கரண்டி, தடித்த கத்தி, தடித்த பேனா. மெல்லியதைப் பிடிக்க விரல்கள் அதிகம் மடங்க வேண்டும், அதிகம் இறுக்க வேண்டும். சின்னது சுலபம் என்பது கை நோகாதவர்களின் நினைப்பு. சின்னத் துப்பாக்கியின் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம் இருக்குமாம். பாரம் குறைந்ததால் சுடும்போது அதிகமாக உதைக்கும். ஸ்லைட்டும் கட்டையாக இருப்பதால் பிடிக்க இடமில்லை, வில்லும் கடுமை.

ரிவோல்வரும் வேண்டாம். இழுக்க ஸ்லைட் இல்லை என்று பலர் அதை எடுப்பார்களாம். ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் விசையை நீளமாக, பாரமாக இழுக்க வேண்டும். அக்காவின் சுட்டுவிரல் மூட்டு வீங்கியிருக்கிறது. ஆறாவது சூட்டுக்கு அந்த விரல் வராது.

நடு அளவு. கொஞ்சம் பாரமானது, முழுக் கையும் பிடிக்கக்கூடியது, விசை இலேசானது. பாரம் உதையை வாங்கிக்கொள்ளும்.

ஸ்லைட்டைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி இழுக்கக்கூடாது. துப்பாக்கி இலக்கைப் பார்த்தபடி நெஞ்சுக்குக் கிட்டே இருக்க, மற்றக் கையின் முழு உள்ளங்கையாலும் மேலே மூடிப் பிடித்து, அந்தக் கையை அசைக்காமல், துப்பாக்கி பிடித்த கையை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பது விரல். தள்ளுவது தோளும் உடம்பும். அவர் என் மேசையில் ஸ்டேப்ளரை வைத்துச் செய்து காட்டினார். ரவையை, அதாவது தோட்டாவை, மகசின் கூட்டுக்குள் அமத்துவதற்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறதாம், பெருவிரல் தப்பும்.

இவ்வளவையும் எழுதியதற்கு ஒரு விலை உண்டு. அக்கா கம்பனிக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், நிபுணரிடம் போக வேண்டும். பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டு மறைத்துக்கொண்டு தெருவில் நின்றால், ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை. அந்தச் சிறி என்பவருக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்.

சித்தி


மல்கிரேவ்
10 மார்ச் 2025

சித்தி,

அம்மா சின்னதற்குக் கையெழுத்து வைத்துவிட்டார்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நான் அதையெல்லாம் ஆங்கிலத்தில் ரைப் பண்ணி, ஏதோ இணையத்தில் கிடைத்தது போல அச்செடுத்து, அம்மாவின் காலணிக்குப் பக்கத்தில் போட்டுவைத்தேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “இது ஆருக்கு?” என்று கேட்டார். பாடசாலையில் ஒரு ஒப்படை என்றேன். என் பாடசாலையில் துப்பாக்கிக்கு ஒப்படை கொடுப்பார்களா என்று அவர் கேட்கவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இருவரில் ஒருவர் பேசியிருக்க வேண்டும். அவர் தாளை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுக் காலணியை மாட்டினார்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துவிட்டு வந்து அவராகவே சொன்னார், தன் கை சின்னக் கை, பெரியது ஆம்பிளைகளுக்கு என்று. அது காரணம் இல்லை சித்தி. சின்னதை எடுத்தால் பிரதீப்குமார் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார். நடு அளவைக் கேட்டால் ஏன் அக்கா என்று கேட்பார். அந்த ஏன் என்ற கேள்விக்குத்தான் அம்மா பயப்படுகிறார். அவர் கள்வர்களுக்குப் பயப்பட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் விலையை நான் கொடுக்கமாட்டேன். கம்பனிக்குச் சொன்னால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். சிறி அங்கிளைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் நித்திரை வரவில்லை. ஆனாலும் அம்மாவை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன். நீங்களும் கூடாது. அவர் ஒருமுறை உங்கள் மண்டபத்தை விட்டுத் தலை நிமிர்ந்து வெளியே வந்தவர். இந்த வேலையை விட்டும் அப்படித்தான் வரவேண்டும், யாரோ போன் எடுத்துச் சொல்லி இல்லை.

யுவனேஸ்வரி


பரமட்டா
17 மார்ச் 2025

யுவனா,

நீ என்னை எதிர்த்து எழுதுவதை வாசிக்கும்போது அக்காவின் கையெழுத்தைப் பார்ப்பது போல இருக்கிறது. அதற்காக விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தெளிவாகச் சொல்கிறேன். 25ஆம் திகதி அவர் தவறினால் அது வேறு. தேறிவிட்டு, மறைத்தபடி வண்டியில் ஏறினால், நான் அந்தக் கம்பனிக்குப் போன் எடுப்பேன். நீ என்னை வாழ்நாள் முழுக்க வெறுக்கலாம். ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்பதைவிட அது மேல்.

அதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. யாருக்கும் காட்டாதே என்று சொன்னது நீதான், நான் இல்லை. என் கடிதங்களை அக்காவிடம் கொடு. இதையும் சேர்த்து. அதனால் கீழே வருவது அவருக்கு.

அக்கா, நான் வங்கி என்று சொன்னது வாய் தவறி இல்லை. வெட்கப்பட்டுத்தான் சொன்னேன். வந்தவர்களில் வைத்தியர்கள் இருந்தார்கள், கணக்காளர்கள் இருந்தார்கள். என் அக்கா சப்பாத்தும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறவள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நீ என்னைப் படிக்க வைத்த வருடங்களில் என்ன என்ன வேலை செய்தாய் என்றுகூட நான் அவர்களிடம் சொன்னதில்லை. இதை எழுத எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. மன்னிக்க வேண்டாம். சின்னதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு.

கிரிஜா


மல்கிரேவ்
27 மார்ச் 2025

சித்தி,

நீங்கள் கம்பனிக்குப் போன் எடுக்கத் தேவையில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா தவறிவிட்டார். முதல் சுற்றில் ஸ்லைட்டை எப்படியோ இழுத்துவிட்டார். இரண்டாவது சுற்றில் பாதி வந்து வழுக்கிவிட்டது. அதற்குள் நேரம் முடிந்தது. சுட்டவற்றிலும் பல இலக்கில் இல்லை, துப்பாக்கி ஒவ்வொரு முறையும் கைக்குள் திரும்பியது. வியர்வையால் வழுக்கியது என்று பரீட்சகரிடம் சொல்லியிருக்கிறார். இன்னொரு சந்தர்ப்பம் உண்டு, மூன்றாவது இல்லை. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார். சோறு போட்டுக் கொடுத்தேன். பெருவிரலை மடக்க முடியாமல் கரண்டி கேட்டார். அம்மா கரண்டியால் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கரண்டியோடு சேர்த்து உங்கள் மூன்று கடிதங்களையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சொல்ல நினைத்ததை எல்லாம் மறந்துவிட்டேன். “நான்தான் எழுதினனான். ஏசுறதெண்டால் வாசிச்சிட்டு ஏசுங்கோ” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றையும் வாசித்தார். சோறு ஆறிவிட்டது. வேலையை விடச் சொன்ன இடத்தில் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அந்தக் கிழவர் ஸ்டேப்ளரை வைத்துச் செய்து காட்டிய இடத்தை இரண்டு தரம் வாசித்தார். கடைசிக் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, “வெக்கப்பட்டவவாம். இப்பவாவது வாயைத் திறந்தாளே” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ என்னைப் பற்றி என்ன எழுதினனீ? அவளின்ர பதில்தான் கிடக்கு, உன்ரதைக் காணேல்லை” என்று கேட்டார். சித்தியிடம் பூட்டி இருக்கிறது என்றேன். சிரித்தார் என்று சொல்ல முடியாது. சிரிப்புக்கு முன்னால் வருகிற ஏதோ ஒன்று.

நேற்று டிப்போவுக்குப் போனார். வேலைக்கு இல்லை. ஆயுத அறைக்கு மேலாளரையும் கூப்பிட்டு, பிரதீப்குமாரின் மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருக்கிறார். ஓகஸ்ட் தாளையும் பக்கத்தில் வைத்தாராம். இத்தனை மாதம் மறைத்தது தன் பிழை, வேறு ஒருவரையும் இதற்குள் இழுக்க வேண்டாம், சின்னத் துப்பாக்கியைத் திருப்பித் தருகிறேன், நடு அளவைத் தாருங்கள், என் கையையும் பாருங்கள், நான் சுடுவதையும் பாருங்கள், பிறகு தீர்மானியுங்கள் என்று சொன்னாராம். நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன். அம்மா இதை வெங்காயம் உரிக்கச் சொல்கிற குரலில் எனக்குச் சொன்னார்.

மேலாளர் ரவை இல்லாத நடு அளவுத் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கச் சொன்னாராம். அம்மா முதலில் பழைய பழக்கத்தில் கிள்ளி இழுத்தார், அசையவில்லை. பிறகு நீங்கள் எழுதியபடி மேலே மூடிப் பிடித்துத் தள்ளினார். போனது. திரும்பவும் செய்யச் சொன்னார்கள். போனது. ஐந்து தடவையில் நான்கு. பிரதீப்குமார் மெதுவாக, “இத முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா” என்றாராம். அதற்கு அம்மா, “கையை ஒருக்கால் காட்டுங்கோ எண்டு நீர் கேட்டனீரோ? கச்சிதமெண்டு சொல்லத்தானே தெரிஞ்சது” என்றிருக்கிறார். மனுசன் பாவம்.

சிறி அங்கிளைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை. ஆனால் பின்னேரம் அவர் தானாகவே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்து, “அக்கா, நீங்கள் மட்டும் வீரம் காட்டினால் காணுமோ” என்று கேட்டார்.

முடிவு இப்படி. அம்மா இப்போதைக்கு வண்டியில் ஏறக்கூடாது. நாளை, வெள்ளிக்கிழமை, நடு அளவுத் துப்பாக்கியோடு இரண்டாவது பரீட்சை. தேறினாலும் மூட்டு நிபுணரின் கடிதம் வந்த பிறகுதான் வண்டி. நிபுணருக்கு இன்று நாள் எடுத்துவிட்டோம், ஏப்ரல் 9. தவறினால் இந்த வேலை முடிந்தது.

உங்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கம்பனிக்குப் போன் எடுப்பேன் என்று நீங்கள் எழுதியது வெறும் மிரட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் எடுத்திருப்பீர்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னார், “அவள் எடுத்திருப்பாள்” என்று. அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது. நானும் இப்போது பயந்துகொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஜனவரியில் பயந்தது போல இல்லை. அப்போது நான் மட்டும் தனியாகப் பயந்தேன்.

ஒரே ஒரு பிரச்சினை. நாளை பரீட்சை காலை எட்டு மணிக்கு. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வைத்தார்கள், நாளை அந்த மைதானத்தில் வேறு நேரம் இல்லையாம். விடியற்காலையில் அம்மாவின் கை கைபோலவே இருக்காது சித்தி. விரல்கள் பத்து மணி வரைக்கும் திறக்க மறுக்கும். அதனால்தான் எப்போதும் பின்னேர வேலையைக் கேட்டு எடுப்பார். மேலாளரிடம் இன்னொரு நாள் கேளுங்கள் என்றேன். “இவ்வளவு கேட்டது காணும். எட்டு மணியெண்டால் எட்டு மணி” என்றார். இப்போது கராஜுக்குள் ஒரு சத்தமும் இல்லை. படுத்திருப்பார் என்று நினைக்கிறேன். நாளைக்கு நானும் பாடசாலைக்குப் போகாமல் காரில் அவரோடு

கதவு தட்டும் சத்தம்.

அம்மாதான். உள்ளே வரவில்லை. அவளுக்குத்தானே எழுதுகிறாய் என்று வெளியே நின்று கேட்கிறார். ஓம் என்றேன்.

“அப்ப இதையும் கேட்டு எழுது. எட்டு மணிக்கு விரல் திறக்கிறதெண்டால் நான் எத்தினை மணிக்கு எழும்ப வேணும்? சுடுதண்ணியில வைக்கிறதோ, வேற என்னவும் செய்யிறதோ?”

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கச் செவ்வாய்க்கிழமை ஆகும் என்று சொன்னேன்.

“அப்ப அவளின்ர நம்பரைத் தா.”

சித்தி, நான் இதை இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் நம்பரைக் கொடுக்கப் போகிறேன்.